லூர்து என்று சொல்லிப் போன ஊர்

கிறிஸ்துநாயகத்துக்கு ஒரேயொரு ஆசைதான் மிச்சமிருந்தது. இத்தாலியில், தொஸ்கானாக் குன்றுகளுக்கு நடுவே ஒரு திராட்சைத் தோட்ட வீடு. அங்கே கொடிப்பந்தலின் கீழ் போட்ட நீள மேசையில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும். லண்டனுக்கு வருமுன் ஏழு வருடம் அந்த வீட்டில் கோப்பை கழுவியவர் அவர். மனைவி பியற்றிஸ் விடுமுறைக்கு வருகிறவர்களின் கட்டில் விரிப்புகளைத் தோய்த்து வெயிலில் காயப்போட்டவள். மேசையில் சிரிப்பு எழும்பும்போதெல்லாம் இருவரும் குசினி யன்னலால் பார்ப்பார்கள்.

லண்டன் மனோர் பார்க்கில் வீடு, பாண் தொழிற்சாலையில் ஷிப்ட், பிள்ளைகளின் படிப்பு என்று பத்து வருடம் ஓடியது. 2008 செப்டெம்பரில் ஒரு கிழமை லீவு கிடைத்தது. வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம் அது.

"வைன் குடிக்கப் போறம் எண்டு சொல்லேலுமே? சனம் காறித் துப்பும்" என்றாள் பியற்றிஸ்.

"லூர்துக்குப் போறம் எண்டு சொல்லுவம்."

பிரான்சிலுள்ள லூர்து மாதாவிடம் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சைவக்காரரும் போய்வருகிற இடம்.

கேள்வி கேட்கவில்லைதான். வேண்டுதல்களைக் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிவனேஸ்வரிக்கு முழங்கால். வேறு யாருக்கோ விசா. கடைசியாக இல்ஃபோர்டிலிருந்து பியற்றிஸின் தமக்கை சந்திரவதனா வந்தாள். அவளுடைய ஒரே மகன் கௌசிகன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். நாலாய் மடித்த கடதாசி ஒன்றைத் தங்கையின் கைக்குள் வைத்தாள்.

"பிள்ளையின்ர பேர் எழுதியிருக்கு. மாதாவின்ர குகைக் கெபியடியில வைச்சு, முழந்தாளில நிண்டு கேள். நீ கேட்டால் மாதா இரங்குவா."

அந்த நேரமே சொல்லியிருக்கலாம். கிறிஸ்துநாயகம் குனிந்து சூட்கேசின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

தோட்ட வீட்டில் முதல்நாள் சாப்பாடு முடிந்ததும் பியற்றிஸ் எழும்பி எல்லாருடைய கோப்பைகளையும் அடுக்கத் தொடங்கினாள். வீட்டுக்காரரின் மகள் சிரித்தபடி அவற்றைத் திரும்ப வாங்கினாள்.

"இருமப்பா. நீர் இப்ப துரைசாணி" என்றார் கிறிஸ்துநாயகம்.

"கை சும்மா இருக்குதில்லை."

மெல்ல மெல்லக் கை அடங்கியது. காட்டுப்பன்றிக் குழம்பு ஊற்றிய தடித்த நூடில்சுக்கு அவள் கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் எடுத்துத் தூவ, பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் தானும் கேட்டு வாங்கி, கண்ணீர் வழியச் சாப்பிட்டார். பின்னேரம் மணல்தரையில் இரும்புப் பந்து உருட்டி அவரை வென்றாள். மூன்றாம் நாள் இரண்டாவது கிளாஸ் வைனும் குடித்தாள். இத்தனை பேர் பார்க்கப் புருசனின் தோளில் சாய்ந்தாள். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு தரமும் சாய்ந்ததில்லை.

நான்காம் நாள் புதன்கிழமை. மத்தியானச் சாப்பாட்டில் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது.

"கெபியடியிலயோ நிக்கிறாய்?" சந்திரவதனாவின் குரல் கிறிஸ்துநாயகத்துக்கும் கேட்டது. "பாட்டுச் சத்தம் கேக்குது."

பியற்றிஸ் அவரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

"ஓமக்கா. செபம் நடக்குது."

"அப்ப வைக்கிறன். நீ கேள் பிள்ளை, கேள்."

பின்னேரம் அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு இருவரும் ஊர்ச் சின்னக் கோயிலுக்கு நடந்து போனார்கள். கதவு பூட்டியிருந்தது.

சனிக்கிழமை லண்டனில் இறங்கிப் போனைத் திறந்தால் செய்தி கிடந்தது. கௌசிகன் ஷெல்பட்டுச் செத்துப்போனான். புதன்கிழமை.

இல்ஃபோர்ட் வீட்டில் சந்திரவதனா வருகிற ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள்.

"என்ர பிள்ளை தனியப் போகேல்லை. அந்த நேரம் என்ர தங்கச்சி மாதாவின்ர காலடியில நிண்டவள். செபம் பாடினது என்ர காதில கேட்டது."

வந்தவர்கள் தலையாட்டினார்கள். கிறிஸ்துநாயகத்தால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, நாங்கள் அண்டைக்கு..." என்று தொடங்கினார்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ தம்பி. உங்களைப் பிழை சொல்லுவனே? நீங்கள் கேட்டனீங்கள். மாதா தன்னோட கூட்டிக்கொண்டு போட்டா."

பியற்றிஸ் வேண்டாம் என்று தலையசைத்தாள். அக்காவிடம் இப்போது அந்தப் பாட்டுச் சத்தம் மட்டும்தான் இருக்கிறது என்பது அவருக்கும் விளங்கியது.

"அடுத்த வருசம் நானும் வாறன்" என்றாள் சந்திரவதனா. "நீங்கள் முழந்தாளிட்ட இடத்தை எனக்குக் காட்டவேணும்."

அடுத்த வருடம் மூவரும் போனார்கள். கிறிஸ்துநாயகம் அப்போதுதான் முதல்முறையாக லூர்தைப் பார்த்தார். வழி தெரிந்தவர்போல் சனத்துக்குப் பின்னால் நடந்தார். கெபிக்கு முன்னால், மழையில் நனைந்த கல்தரையில், ஆள் இல்லாத ஓரிடம் தெரிந்தது.

"இதிலதான் அக்கா."

சந்திரவதனா அதில் முழந்தாளிட்டுக் கல்லில் நெற்றியை வைத்தாள். கனநேரம் அசையவில்லை. பிறகு நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள்.

"இந்தக் கல்லு இப்பிடிக் குத்துது. எப்பிடியடி அவ்வளவு நேரம் நிண்டனீ?"

பியற்றிஸ் பக்கத்தில் முழந்தாளிட்டாள். "குத்தினது தெரியேல்லை அக்கா" என்றாள்.