முள் பச்சையானால் சரி

"அம்மே, இப்போ பாடினது சரியாணோ?"

எட்டு வயது மகள் தினமும் பள்ளிக்கூட மலையாளம் கலந்து என்னிடம் கேட்கும் கேள்வி இது. எனக்குச் சுருதி பிடிபடாது. பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டுக்குக்கூட வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றவள் நான்.

நாங்கள் இருப்பது கொச்சியில், மட்டாஞ்சேரியில். பாட்டு டீச்சர் வீடு ஊரின் மறுகோடியில், திருப்பூணித்துறையில். ஒவ்வொரு வாரமும் போய்வர முடியாது என்று போன் வழியாகவே வகுப்பில் சேர்த்தேன். போனில் குரல் கொஞ்சம் தாமதித்துப் போகும். பத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் பாடினால் ஒரே இரைச்சல். அதனால் எல்லோரும் ம்யூட்டில் போட்டுவிட்டு டீச்சருடன் சேர்ந்து பாட வேண்டும், வீட்டில் பெரியவர்கள் யாராவது கேட்டுத் திருத்த வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாளே டீச்சர் இன்னொன்றும் சொன்னார். பிள்ளை முதலில் கேட்டுக் கேட்டுப் பிடிக்கட்டும், ஸ்வரத்தின் பெயரும் தாளக் கணக்கும் மெல்ல வந்தால் போதும் என்றார். அதை நான் நோட்டில் எழுதிக்கூட வைத்தேன்.

எனக்குக் கேட்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போனில் ஒரு ஆப் இறக்கினேன். பாடப் பாட அதில் ஒரு முள் ஆடும். குரல் சரியான இடத்தில் நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு. தினமும் பள்ளிக்குப் போகும் முன் சமையலறை அலமாரியில் போனைச் சாய்த்து வைத்து, ஆரம்பப் பாடமான சரளி வரிசையை ஐந்து கட்டை சுருதியில் பாடச் சொல்வேன். அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டே குரலை மேலேயும் கீழேயும் நகர்த்திப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவாள். எனக்கு நிம்மதி. "இது பாட்டா, பிளட் டெஸ்ட்டா?" என்று அவள் அப்பா கிண்டல் செய்தார். நான் கோபித்துக்கொண்டேன்.

பிறகு கல்யாணி ராகத்தில் ஒரு கீதம் வந்தது. அதில் நிஷாதம், அதாவது நி, வரும் இடமெல்லாம் சிவப்பு. ஆட்டாமல் பாடு, ஆட்டாமல் பாடு என்று ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தினேன். முள் பச்சையில் நின்றது.

எட்டு மாதம் கழித்து முதல் முறையாக அவளை டீச்சர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். என்னைவிட இளையவர், எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிறவர். மகள் கீதத்தைப் பாடியதும் அவர் சிரித்தார்.

"சேச்சி, கல்யாணி நிஷாதம் ஆடணும். அந்த ஆட்டந்தான் ஸ்வரமே. யாரு இதுக்கு ஆணி அடிச்சது?"

கமகம் என்று வகுப்பில் அவர் முன்பே சொல்லித்தந்த வார்த்தையும் என் நோட்டில் இருந்தது. ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது என்று அர்த்தம்கூட எழுதியிருந்தேன். பிறகு அவர் தம்புராவை மீட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஸ பாடச் சொன்னார். மகள் பாடினாள். இல்லை என்று தலையசைத்தார். மறுபடி பாடினாள். மூன்றாம் முறை கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"போன் எவிடே அம்மே?"

டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அன்றே ஆப்பை அழித்துவிட்டேன். இரண்டு மாதம் ஆகிறது. ஒரு வரி பாடுகிறாள், வெறும் அலமாரியைப் பார்க்கிறாள், பிறகு என்னிடம் சரியா என்று கேட்கிறாள். சரி என்றால், "அம்மைக்கு எங்ஙனே அறியும்?" என்கிறாள், உனக்கு எப்படித் தெரியும் என்று. தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுகிறாள். முன்பெல்லாம் குளிக்கும்போது தானாக ஏதாவது பாடிக்கொண்டிருப்பாள். இப்போது தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான்.

சில மாதம் எதுவும் கேட்காமல் சும்மா விடுங்கள் என்கிறார் டீச்சர். விட்டால் ஒரேயடியாக விட்டுவிடுவாளோ என்று பயம். தொடர்ந்தால், மிச்சம் இருப்பதையும் நானே கெடுத்துவிடுவேனோ என்று பயம். எப்படியும் நல்லது நடக்கும் என்று தோன்றவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலச் சுருதி கேட்கும் காது இல்லாத அம்மாக்கள் இருப்பீர்கள், பாட்டுச் சொல்லித்தருகிறவர்களும் இருப்பீர்கள். நாளைக் காலை அவள் ஒரு வரி பாடிவிட்டுச் சரியா என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.