குவாரிக்கு நான் எழுதிய நன்றிக் கடிதம்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் நகர மாட்டேன். எங்கள் ஊர்க் கல்குவாரி கம்பெனி சாலை நெடுக வேப்பங்கன்று நட்டு ‘பசுமைக் குவாரி’ என்று போர்டு வைத்தபோது, ஒரு கன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கருப்பு பிளாஸ்டிக் கவரோடு கையில் வந்தது. கவரைக்கூடக் கிழிக்காமல் மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். போட்டோவுக்கு அது போதும்.

அப்படிப்பட்ட நான்தான் அந்தக் கம்பெனிக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

எனக்கு வேலை திருப்பதியில், ஒரு கல்லூரி அலுவலகத்தில். சனிக்கிழமை சாயங்காலம் சித்தூரில் பஸ் மாறி, குடிபாலாவைத் தாண்டி ஊருக்குப் போவேன். என் அப்பா, நைனா, அங்கே தனியாக இருக்கிறார். குவாரிப் பள்ளம் ஆழமாக ஆக, எங்கள் கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போனது. வெடி வைக்கும் நாட்களில் அடுக்களை ஜன்னலுக்கு மேலே விரிசல் விட்டது. கடைசியில் கிணறு காய்ந்தே போயிற்று. அதன் பிறகுதான் கம்பெனிக்குத் திடீரென்று எங்கள் மேல் பாசம் வந்தது. எங்கள் கிறிஸ்தவக் கோயில் மதிலை ஒட்டி ஆர்.ஓ. பிளாண்ட் வைத்து, ஊருக்கே குடிதண்ணீர் இலவசம் என்றார்கள்.

எங்கள் சபையில் நன்றி சொல்லாமல் இருப்பது பெரிய பாவம். காய்ச்சல் விட்டால், பிள்ளைக்கு வேலை கிடைத்தால், மாடு சுகமாகக் கன்று போட்டால், காணிக்கையோடு காரணத்தையும் சீட்டில் எழுதிக் கொடுப்போம். போதகர் ஆராதனையில் அதை வாசிப்பார். கோயிலுக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தவருக்குக்கூட எல்லாக் குடும்பமும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் போகும். எழுதுவது நான். என் எழுத்து அழகு என்று சின்ன வயதிலிருந்தே தலையில் கட்டிவிட்டார்கள். வார்த்தைகளெல்லாம் மனப்பாடம். பிளாண்டுக்கும் அதே கை, அதே வேகம். தேவகிருபையால் எங்கள் ஊரின் தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்தது, உங்கள் தொழில் செழிக்க ஜெபிக்கிறோம் என்று தெலுங்கில் எழுதினேன். நைனா முதல் கையெழுத்து. கீழே சபையார் எல்லாரும், கடைசியில் நான். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கிறவள் இதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம், ஏரிக்கு மேலே மிச்சமிருக்கும் பாதி மலையையும் வெட்ட கம்பெனி அனுமதி கேட்டது. அதுவும் போனால் ஏரியை நம்பி இருக்கும் மிச்சக் கிணறுகளும் காலி. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டு, ஊரார் கருத்தைக் கேட்க அதிகாரி வந்தார். கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு வழவழப்பான புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் பச்சை இலை. உள்ளே மழைநீர், மரம், மக்கள் என்று பக்கம் பக்கமாக அக்கறை. புரட்டிக்கொண்டே போனவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். என் கையெழுத்திலேயே என் கடிதம். பக்கத்தில் இங்கிலீஷில், உள்ளூர் மக்களின் முழு ஆதரவு என்று போட்டிருந்தது.

எழுந்து, கிணறு வற்றியதையும் சுவர் வெடித்ததையும் சொன்னேன். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். புத்தகத்தை என் பக்கம் திருப்பி, “ஈ சந்தகம் மீதேனாம்மா?” என்றார். என் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டேன். தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார். ஷாமியானாவுக்குள் ஒருவர் சிரித்தார். கடிதத்தை வாபஸ் வாங்குவதானால், போட்டவர்கள் எல்லாரும் திரும்பவும் கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்துக்குள் கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் பிளாண்ட் பூட்டிக் கிடந்தது. ‘ரிப்பேர்’ என்று ஒரு தாள். இத்தனை நாள் வராத ரிப்பேர் அன்றைக்குப் பார்த்தா வரும்? என்னால் நம்ப முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு, புதுக் கடிதத்தோடு வீடு வீடாக ஏறினேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள். மற்றவர்கள் போட்டால் நாங்களும் போடுகிறோம் என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நைனா போட்டால் மற்றவர்களும் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அது அவர் வெட்டிய கிணறு.

அவர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். பேனாவை வாங்கவில்லை.

“நீ நாளைக்குப் பஸ் ஏறிக்கினு திருப்பதிக்குப் போயிடுவ. அங்க கொழாயத் தொறந்தா தண்ணி வருது. நான் கேனத் தூக்கிக்கினு எங்க போறது?”

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல் இல்லை என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு அவர் மேல்தான். சாப்பிடாமல் கிளம்பினேன்.

ஒற்றைக் கையெழுத்தோடு சித்தூரில் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா கடிதத்தை வாங்கி ஆதார் கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மாற்றிய விலாசம் அதில் இருந்தது. “மீரு திருப்பதி கதம்மா” என்றார், நீங்கள் திருப்பதிக்காரர் ஆயிற்றே என்று. பாதிக்கப்பட்ட கிராமத்தில் குடியிருப்பவர்களின் மனுவைத்தான் வாங்க முடியுமாம்.

நன்றி எழுதிய கடிதத்திலும் இதே கையெழுத்துதான் இருக்கிறது, அதற்கு யாரும் ஆதார் கேட்கவில்லையே என்றேன். அவர் தாளை இரண்டாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.