ஈஸ்ட் சாகவில்லை, சார்

“அந்தப் பொண்ணு காலேஜுல ரொட்டி பொங்கற கிருமியக் கொன்னு கொன்னு பாக்குதாம். அதுக்கு ஒரு பட்டம் வேற குடுப்பாங்களாம்.”

வேங்கிக்கால் பஸ்ஸில் முன் சீட்டு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது இது. அந்தப் பொண்ணு பின் சீட்டிலேயே இருந்தாள். நான்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எம்.ஃபில். படித்த என் பிழைப்பு அப்படித்தான் இருந்தது. ஈஸ்ட்டின் மேல் புற ஊதா விளக்கைக் காட்டினால் அதன் டி.என்.ஏ. காயப்படும். பல செல்கள் செத்துப்போகும். சில, காயத்தைத் தாமே தைத்துக்கொண்டு பிழைக்கும். தப்பாகத் தைத்தால் அந்தத் தப்பு வாரிசுகளுக்கெல்லாம் போகும். எத்தனை பிழைத்தது என்று நான் எண்ண வேண்டும். சித்திரைக்குள் முடிக்காவிட்டால் படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். செங்கத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

பேக்கரியில்

கை பழகுவதற்கு பஜார் பேக்கரியில் ஈஸ்ட் வாங்குவேன். பாய் ஒருநாள் எதற்கு என்று கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பொட்டலம் கட்டினார்.

“நாங்களும் டெய்லி அடுப்புல வெச்சு அதத்தாம்மா பண்றோம். எங்களுக்கு எவனும் பட்டம் குடுக்கல.”

இருட்டறையில்

விளக்குக் காட்டிய தட்டுகளை இருட்டில் வைக்க வேண்டும். ஈஸ்ட்டுக்குள் ஒரு நொதி உண்டு. பகல் வெளிச்சம் பட்டால் விழித்துக்கொண்டு காயத்தைச் சரிசெய்துவிடும். செத்திருக்க வேண்டியது எழுந்து உட்காரும். அதனால் சன்னலைச் சாத்தி, அந்த நொதியை எழுப்பாத சிவப்பு பல்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலை செய்வேன்.

புதிதாகச் சேர வந்த மாணவி ஒருத்தி தலையை மட்டும் உள்ளே நீட்டி, பின்னலைச் சரிசெய்துகொண்டாள்.

“அக்கா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இன்னிக்கே கெடைக்குமா?”

கணக்கு

சில நாள் ஈஸ்ட் ஒழுங்காகச் செத்தது. பல நாள் சாகவில்லை. விளக்கு அதே விளக்கு, நேரமும் அதே நேரம். பங்குனி பிறந்துவிட்டது. துறைத் தலைவர் என் தாள்களைப் புரட்டினார். சிரிக்கத் தெரியாதவர் என்று மாணவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

“ஏம்மா, ஈஸ்ட் என்ன நல்ல நாள் பாத்தா சாவுது?”

சன்னல்

தட்டுகளை மேசையில் விட்டுவிட்டு, பக்கத்து அறையில் பிரஷர் குக்கரில் கண்ணாடிச் சாமான்களைக் கிருமி போக வேகவைப்பது என் வழக்கம். ஒரு காலை, இடுக்கியை மறந்து திரும்பி வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சன்னல் விரியத் திறந்திருந்தது. ஊரே சாமியாகக் கும்பிடும் மலை முழுதாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார் துறைத் தலைவர். என் தட்டுகள் நல்ல வெளிச்சத்தில் கிடந்தன.

எங்கள் துறையில் மலை தெரிகிற சன்னல் அது ஒன்றுதான். அவர் சாவகாசமாகக் கும்பிட்டுவிட்டு, ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போவார். நோட்டில் தேதிகளைப் பார்த்தேன்; ஈஸ்ட் ஒழுங்காகச் செத்த நாளெல்லாம் அவர் மீட்டிங்குக்கு மெட்ராஸ் போன நாள்.

உங்களில் யாராவது மேலதிகாரியிடம் “தப்பு உங்க மேல” என்று சொல்ல வேண்டி வந்திருந்தால், என் பாடு புரியும். கூட வேலை பார்த்த மெஹருன்னிசா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் டிபன் டப்பாவை மூடினார்.

“நீ வாயத் தொறக்கலைனா ஈஸ்ட் பொழைச்சுக்கும். நீ பொழைக்க மாட்டே.”

இரண்டு தட்டு

மறுநாள் ஒரே அளவு விளக்குக் காட்டிய இரண்டு தட்டில் ஒன்றைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றினேன். மற்றதை வழக்கம்போல் மேசையில் விட்டேன். இரண்டும் வளர்ந்த பிறகு அவர் முன் கொண்டுபோய் வைத்தேன். சுற்றியதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழைத்த ஈஸ்ட்டின் புள்ளிகள். மற்றதில் சந்தைக்கூட்டம்.

“ரெண்டும் ஒரே டோஸா?”

“ஆமா சார்.”

“இதுல வெளிச்சம் பட்டிருக்கு. யாரும்மா சன்னலத் தொறந்தது?”

அவர் செருப்பைப் பார்த்தேன்.

“நீங்கதான் சார்.”

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை சிவப்பு பல்பின் கீழ் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. கதவை வேண்டிய அளவுக்கு மட்டும் திறந்து உள்ளே வந்தார். உடனே சாத்தினார். சன்னலுக்கு எதிரே போய் நின்றார். சாத்தியிருந்த சன்னல் கதவுகளைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.