கோல்கீப்பரை மாற்ற ஒரு க்ளிக் போதும்!

போன ஞாயிற்றுக்கிழமை ராயப்பன்பட்டியில் ஒரு கால்பந்து டீமுக்கு மேனேஜராக இருந்தேன். சிரிக்காதீர்கள். பந்தை நான் கடைசியாக உதைத்தது பள்ளிக்கூடத்தில்... அதுவும் எங்கள் கோலுக்குள்ளேயே போனது.

பிறகு எப்படி மேனேஜர் ஆனேன்? எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்த வேலை.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த பழைய கேம் அது. இப்போது வருகிற பளபள கேம்களில் வீரனின் வியர்வைகூடத் தெரிகிறது. இதில் வீரனே தெரியமாட்டான்! பெயர் இருக்கும், பக்கத்தில் நம்பர் இருக்கும். வேகத்துக்கு ஒரு நம்பர், தைரியத்துக்கு ஒரு நம்பர். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்துவிட்டு நாம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மேட்ச் முழுக்க எழுத்தில் ஓடும். பந்தை வாங்குகிறார்... அடிக்கிறார்... அங்கே திரை ஒரு கணம் நிற்கும் பாருங்கள், அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை வருடமாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

குறை இல்லையா? ஏகப்பட்டது. எந்த ஊரில் மேட்ச் நடந்தாலும் ஒரே கூட்டச் சத்தம். பேர் தெரியாத யாரோ ஒருவன் திடீரென்று கோல் கோலாக அடித்துத் தள்ளுவான், ஏன் என்று கேட்க முடியாது. சேவ் பண்ண மறந்தால் போச்சு... எங்கள் உத்தமபாளையத்தில் கரன்ட் போகும்போது ஜெயித்த கோப்பையும் சேர்ந்து போகும். ஆனால் இருப்பதிலேயே பெரிய குறை எது என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

ராயப்பன்பட்டி என் மனைவியின் ஊர். அவள் தம்பி அருள்தான் ஊர் டீமுக்குக் கேப்டன். சர்ச் திருவிழா மேட்ச் நெருங்கும்போது வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், நீங்க கம்ப்யூட்டர்ல பெரிய பெரிய டீமெல்லாம் நடத்துறீகளாம்ல? இந்த வருசம் நம்ம டீமையும் நீங்கதேன் பாக்கணும்."

விடுவேனா? அன்று மாலையே போய் பிராக்டிஸ் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் மனசுக்குள் நம்பர் போட்டேன். எல்லோரும் தேறினார்கள், கோல்கீப்பர் இன்னாசி மாமாவைத் தவிர. என் மனைவியின் சித்தப்பா. ஐம்பதை நெருங்குகிறார். இடது பக்கம் வரும் பந்துக்கு அவர் குனிவதற்குள் அது வலைக்குள் போய் ஓய்வெடுக்கிறது.

கேமில் இப்படிப்பட்ட ஆளை மாற்ற ஒரு க்ளிக் போதும். மாற்றினேன். காலேஜில் படிக்கும் டேவிட்டைப் போட்டேன். "நீங்க சொன்னா சரி மாப்ள" என்றார் மாமா. பிரச்னையே இல்லை. என் நிர்வாகத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்குப் போனால், டேவிட் கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறான்.

"மாமா வெளிய உக்காந்திருக்க, நான் உள்ள நிக்க மாட்டேண்ணே."

அருள் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். "மச்சான், நமக்கு எதிர் டீம் காமயகவுண்டன்பட்டி. சித்தப்பா மகள அந்த ஊருக்குத்தேன் குடுக்கப் போறாக. அவரு கோல் நிக்கிறதைப் பாக்கணும்னு சம்பந்தகாரக வேன் புடிச்சு வந்திருக்காக. அவக டீம்ல ஃபார்வர்டு ஆடுறான்ல ஜெரால்டு... அவன்தேன் மாப்பிள்ளை! நீங்க என்னடான்னா சித்தப்பாவ பெஞ்சுல உக்கார வச்சிருக்கீக."

திரும்பிப் பார்த்தேன். மாமா பெஞ்சின் ஓரத்தில், சம்பந்தி வீட்டார் இருந்த பக்கம் தலையைத் திருப்பாமல், ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். என் கேமில் பெஞ்சில் உட்காரும் கோல்கீப்பருக்கு மகள் கிடையாது. சம்பந்தி கிடையாது. அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எந்த வேனும் வராது.

"மாமா, நீங்களே நில்லுங்க" என்றேன். லேஸ் ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. ஓடினார்.

இடது பக்கம் ஒரு கோல் விட்டார். எதிர்பார்த்ததுதான். நம் பையன்கள் இரண்டு போட்டார்கள். எல்லாம் முடிகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி! அடிக்க வந்தது யார்? வருங்கால மருமகன்.

மாமா வலது பக்கமாகவே சாய்ந்து நிற்கிறார். இடது பக்கம் ஒரு டவுன் பஸ்ஸே போகலாம். சம்பந்தி வீட்டுப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஜெரால்டு ஓடி வந்தான்... அடித்தான்... பந்து கோலுக்கு மேலே பறந்து, பக்கத்துத் தோட்டத்துத் திராட்சைப் பந்தலில் போய் விழுந்தது.

மாமாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். முதலில் ஓடி வந்து தூக்கியது யார் என்கிறீர்கள்? தோற்ற ஊர்க்காரரான சம்பந்தி!

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஜெரால்டைப் பிடித்தேன். "ஏன் தம்பி, பெனால்டியே தவற விடாத ஆளாமே நீ?"

சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கோல் இன்னைக்கோட போச்சுண்ணே. மாமா வீட்ல நான் காலம் பூராம் சாப்புடணும்ல?"

இதற்கு எந்த நம்பரைப் போடுவது, சொல்லுங்கள்.

அதற்குள் இன்னாசி மாமாவே வந்துவிட்டார். உடம்பெல்லாம் புழுதி, முகமெல்லாம் பல். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீகளா மாப்ள? நான் மொறச்ச மொறப்புல பய அரண்டு போயிட்டான்!"

"ஆமா மாமா" என்றேன்.

மேனேஜராக அன்று முழுக்க நான் உருப்படியாகச் சொன்னது, அந்த 'ஆமா' ஒன்றுதான்.