பாட்டுக்குக் கீழே எழுதியவர்கள்

போன வாரம் செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரம் கிடைத்தது, ஆனால் வெயில் விழுகிற பக்கம். முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு தலையை ஆட்டியபடி வந்தார்கள். புதிதாக வந்த ஏதோ ராப் ஆல்பம் போலிருக்கிறது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒருவன் கேட்டான்.

"எப்டி கீது மச்சான்?"

"செம ஃபீலு. ஆனா மூணு பாட்டுக்கு மேல முடியல, மனசு ஒரு மாதிரி ஆவுது. வேற போடு."

அவர்கள் வேறு பாட்டுக்குப் போய்விட்டார்கள். நான்தான் அங்கேயே நின்றுவிட்டேன். இறங்கவேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கி நடந்து வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் சொன்னது மட்டும் காரணமில்லை. வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டுக்கு ஒரு வாசனை உண்டே, லேசாகக் கருகின மாதிரி, அதுவும் சேர்ந்துகொண்டது. அந்த வாசனை வந்தால் எனக்கு நண்பன் தினாவின் வேன் ஞாபகம் வந்துவிடும். ஜன்னலெல்லாம் ஏற்றி மூடி, உள்பக்கம் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஏசி போட்டால் சத்தம் பதிவாகும் என்று அதையும் அணைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் வெந்துகொண்டிருப்போம். செய்யூர் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தியிருப்பான். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவான். நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வியர்ப்பேன். அதுதான் எங்கள் ஸ்டுடியோ.

நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு கல்யாண வீடியோ கடையில் எடிட்டிங் வேலை பார்த்தேன். தாலி கட்டும்போது பூ கொட்டுவது, பெண் சிரிக்கும்போது இதயம் பறப்பது, இதெல்லாம் என் கைவேலை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, அப்போது பெருமையாக இருந்தது. தினா கல்பாக்கத்து ஊழியர்களைக் காலையில் கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுகிற வேன் ஓட்டினான். ஒரு கல்யாணத்துக்கு வேன் கொண்டுவந்தவன் என்னிடம் வந்து, "அண்ணாத்த, ஒனக்கு வாய்ஸ் கிளீன் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டான். அவன் எழுதி வைத்திருந்த ராப் பாட்டுகளை ஒரு ஆல்பமாக்க வேண்டுமாம். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவனுக்கு ஓர் அண்ணன், வேலு. அவனும் டிரைவர்தான். ஒரு நாள் விடிகாலையில் வேலு தன் வேனில் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஈசிஆரில் போயிருக்கிறான். ரோட்டோரம் லைட் போடாமல் நின்ற லாரியின் பின்னால் போய் மோதிவிட்டான். அவனுக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு. அப்பா அங்கேயே போய்விட்டார்.

சாவு வீட்டில் அம்மா அழுகையோடு அழுகையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "நீ தூங்கிட்டியாடா வேலு?" வேறு எதுவும் சொல்லவில்லை. அதையும் திட்டிச் சொல்லவில்லை. காரியம் முடிந்த மறுநாள் காலையில் வேலு வீட்டில் இல்லை. போனை அணைத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அந்த அண்ணனுக்காகத்தான் தினா அந்த ஆல்பத்தைச் செய்தான். இது எனக்கு ஆரம்பத்தில் தெரியாது. ஏதோ பிரபலமாகணும் என்கிற ஆசை என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் வரிகளில் துள்ளலே கிடையாது. தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். வீட்டில் யாரும் அப்பாவின் தட்டில் சாப்பிடாதது, வாசலில் ஹார்ன் கேட்டால் அம்மா எழுந்துகொள்வது, இவைதான் பாட்டு. நான்காவது பாட்டில் இப்படி ஒரு வரி வரும்: "நீலச் சட்டையில ஏறுனாரு நைனா, நீளமா படுத்து எறங்குனாரு." முதல் தடவை கேட்டபோது ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அந்தப் பாட்டின் முடிவில் அம்மா குரல் வேண்டும் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைக் கூட்டிவந்தான். மெலிந்த பெண்மணி. வேனுக்குள் ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. "வேலு, வூட்டுக்கு வாடான்னு சொல்லும்மா, போதும்" என்றான். அவள் மைக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல, மெதுவாகச் சொன்னாள்.

"வேலு... அன்னிக்கு வாயில வந்துடுச்சுடா. நான் வேணும்னு கேக்கல. நான் வூட்டுலதான் கீறேன். எப்ப வந்தாலும் கீறேன்."

கல்யாண வீடியோ புத்தி என்னை விடுமா? சத்தம் கம்மியாக இருக்கிறது, இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று தினாவைப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அம்மா சொன்னதை அப்படியே நான்காவது பாட்டின் முடிவில் வைத்து ஆல்பத்தை நெட்டில் ஏற்றினோம். அதற்கப்புறம் அவனுக்கு ஒரே வேலை, கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் அபிப்பிராயம் கேட்பது. வேனிலேயே போட்டுவிடுவான். திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர், கணக்குப் பிரிவில் வேலை செய்தவர், "காலம்பற வேலைக்குப் போகும்போது இதக் கேட்டா கண்ணு கலங்குதுல்லா தம்பி. சாயந்தரம் போடுங்க" என்றார். டீக்கடைக்காரர், "பாட்டா இது? யாரோ வூட்டுல சண்ட போட்டுகினு கீறாப்ல கீது" என்றார். என் முதலாளி முழுவதும் கேட்டுவிட்டு, "பின்னால மழை பெய்யிற எஃபெக்ட் போட்டிருக்கலாமே" என்றார். அவரிடமிருந்துதானே நான் தொழில் கற்றேன்.

பாட்டுக்குக் கீழேயும் எழுத ஆரம்பித்தார்கள். பெரிய கூட்டமில்லை, ஆனால் வந்தார்கள். 'வரி வேற லெவல், பீட் சுமார்.' 'எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு ப்ரோ.' 'ஒரு குத்துப் பாட்டாவது வெச்சிருக்கலாம்.' 'லைக்குக்காக அப்பன் சாவ விக்கிறான்.' கடைசியில் சொன்னதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. தினா அதற்கும் மற்றவர்களுக்கு எழுதிய அதே பதிலை எழுதினான்: 'கேட்டதுக்கு நன்றி. எந்த ஊர்ல இருந்து கேக்குறீங்க?'

"இன்னாடா நீ, சென்சஸ் எடுக்குறியா?" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "அண்ணன் எங்க கீறான்னே தெரியல. இவங்கள்ல எவனாச்சும் ஒருத்தன் அவன் பக்கத்துல உக்காந்து சத்தமா போட்டுக் கேப்பான்ல?"

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. அதற்கப்புறம் நானும் அவனைப் போலவே ஆகிவிட்டேன். கடையில் வேலை நடுவே மணிக்கொரு தரம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன்.

அதனால் அதை முதலில் பார்த்ததும் நான்தான். ஒரு மஞ்சள் நீராட்டு ஆல்பத்துக்குக் கலர் சரிசெய்துகொண்டிருந்த மதியம். நான்காவது பாட்டுக்குக் கீழே, படம் இல்லாத, பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து மட்டும் போட்ட யாரோ எழுதியிருந்தார்கள்.

'பாட்டு நல்லா இருக்கு. ஆனா அன்னிக்கு அவர் போட்டிருந்தது நீலச் சட்டை இல்ல. பச்சை.'

தினாவுக்குப் போன் செய்தேன். அவனுக்குச் சட்டை நிறம் தெரியாது. விபத்து நடந்த அன்று அவன் பாண்டிச்சேரி சவாரி போயிருந்தான். திரும்பி வந்தபோது அப்பாவை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். நீளம் என்ற வார்த்தைக்காகத்தான் நீலம் வைத்தான். நாங்கள் இரண்டு பேரும் அவன் வீட்டுக்கு ஓடினோம். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"யம்மா, அன்னிக்கு நைனா இன்னா சட்ட போட்டிருந்தாரு?"

அவள் கை நின்றுவிட்டது. "பச்சடா. காலர்ல பட்டன் இல்லனு நாந்தான் ஊக்கு குத்தி அனுப்புனேன். விடியக்கூட இல்ல, ஒருத்தரும் பாக்கல. இப்ப இன்னாத்துக்குக் கேக்குற?"

தினா போனை அவளிடம் காட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். அவள் ஈரக் கையோடு போனை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். "உசுரோட கீறான்" என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள்.

அன்று மாலை முழுவதும் நான் அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதினேன். 'வேலு, அம்மாடா.' 'சாப்டியா?' 'எங்க கீறன்னு மட்டும் சொல்லு, நாங்க வரமாட்டோம்.' 'நீ தூங்கல, எனக்குத் தெரியும்.' எதற்கும் பதில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தோம். "சட்டை கலர் சொன்னவன்லாம் உங்க அண்ணனா? பெரிய ஆளு, தானா போனவரு. தானா வருவாரு" என்று அனுப்பிவிட்டார்கள்.

தினா அந்தப் பாட்டைப் பச்சைச் சட்டை என்று திருத்தி மறுபடி பாடினான். பழைய பாட்டை அப்படியே விட்டு, புதியதை அதன் பக்கத்தில் ஏற்றினோம். அதன் கீழே ஒரு ரசிகர் எழுதினார்: 'பச்சைன்னு மாத்துனது செட் ஆகல ப்ரோ. ரைமிங் போச்சு. பழசே சூப்பர்.' என்ன சொல்வது அவரிடம்? தினா வழக்கம்போல நன்றி சொல்லி ஊர் கேட்டான்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு அது தினசரி வழக்கமாகிவிட்டது. வேன் வந்து நின்றதும் வெளியே வந்து, "இன்னா சொல்றாங்க?" என்று கேட்பாள். அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பான். பீட் சரியில்லை என்பது, அழுதுவிட்டேன் என்பது, பாட்டே புரியவில்லை என்பது எல்லாவற்றையும் கேட்பாள். "அவ்ளோதானா?" என்பாள். அவ்வளவுதான்.

அவளுக்கு இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கிறது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு வாரத்துக்குள் போய்விட்டாள்.

எல்லாப் பாட்டுக்குக் கீழேயும் தினா ஒரு வரி போட்டான்: 'அம்மா இறந்துட்டாங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் வெச்சிருப்போம்.' எங்கெங்கிருந்தோ ஆறுதல் எழுதினார்கள். கோயம்புத்தூர், மலேசியா, தூத்துக்குடி. முகம் தெரியாதவர்கள் ஒரு தாய்க்காக அப்படி வருந்தியதை நான் பார்த்ததில்லை. மறுநாள் வெயில் இறங்கியது. சொந்தக்காரர்கள், "எவ்ளோ நேரம்தான் வெச்சிகினு இருப்ப?" என்று நச்சரித்தார்கள். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் தினா தெருமுனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கடைசி பஸ்ஸிலும் வராததைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கச் சொன்னான்.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு கடைக்கு வந்தான். என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக அழிக்க ஆரம்பித்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"டேய், பைத்தியமா ஒனக்கு? உங்கண்ணன் எழுதுனது அதுலதான்டா கீது. மறுபடி எழுதணும்னாலும் அங்கதான வருவான்?"

"அம்மா வூட்டுல கீது, எப்ப வந்தாலும் கீதுன்னு அதுல சொல்லிக்கீது. கீழ எழுதுனதப் படிக்காம, பாட்ட மட்டும் கேட்டு நம்பிகினு அவன் வந்துட்டா?"

கையை எடுத்துவிட்டேன். என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததையும் அழிக்கச் சொன்னான். அழித்தேன்.

அந்தச் சவுக்குத் தோப்பு இப்போது மனை போட்டு விற்றாகிவிட்டது. கல்யாண வீடியோ கடை இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. தினா வேனை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். பார்த்தால் பேசுவான், பாட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டான். அந்த வரிகளைக் கேட்டு அழுதவர்கள், குறை சொன்னவர்கள், திட்டினவர்கள், எல்லோருடைய எழுத்தும் பாட்டோடு சேர்ந்து போய்விட்டது.

எனக்கு அந்த முகவரி மனப்பாடம். எப்போதாவது திறந்து பார்ப்பேன். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வரும், அழிக்கப்பட்டுவிட்டது என்று போட்டிருக்கும். வேலுவும் எங்கிருந்தோ அதைத் திறந்து பார்த்திருப்பான். தம்பி தன்மேல் கோபித்துக்கொண்டுதான் அழித்துவிட்டான் என்று அவன் நினைத்திருக்கக் கூடாது.