காவல்கல் முன்னால் ஒரு வெள்ளைச் சட்டை

கறை எடுக்கிறவனுக்கு ஒரே வேலைதான்: துணியில் எது இருக்கக் கூடாதோ அதைத் தேடிப் பிடித்து இல்லாமல் செய்வது. மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்துநான்கு வருடமாக நான் செய்வது அதுதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் எதிரே வருகிறவர் முகத்துக்கு முன்னால் அவர் சட்டைதான் கண்ணில் படும். இதே வேலையில் இருக்கும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்; வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

போன வருடம் குன்னத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் டிவிக்காக ஒரு கொலைக்கதை எடுத்தார்கள். வெள்ளைத் துணிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டதால், முதலாளி என்னைப் பத்து நாளைக்கு அனுப்பிவைத்தார்.

பொய்ச் சாவு

அந்த ஊர் எல்லையில் ஒரு காவல்கல் இருக்கிறது. எந்தக் காலத்திலோ கொள்ளைக்காரர்கள் வந்தபோது, ஊர்வாசலை விட்டு நகராமல் நின்றே உயிரை விட்ட காவல்காரர்தான் கல்லாகிவிட்டாராம். அவர் முன்னால் பொய் சொன்னவர் பிழைத்ததில்லையாம். எங்கள் கதையில் ஒரு வாத்தியார் "இதெல்லாம் கட்டுக்கதை" என்று எழுதிவிட்டு, மறுநாள் கல்லடியில் செத்துக் கிடப்பார். ஓய்வுபெற்ற தபால்காரம்மா ஒருவர் துப்பறிவார். காப்பி குடித்துக்கொண்டே பார்க்கிற மாதிரியான கொலை. மொத்தக் கதையிலும் ரத்தம் வாத்தியார் சட்டையில் மட்டும்தான்.

வாத்தியாராக நடித்தவர் தாராபுரத்து நாடகக்காரர். செத்த மாதிரி படுப்பதும் பொய்தானே என்று அவருக்குப் பயம். படுப்பதற்கு முன் தேங்காய் உடைத்து, கல்லைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார்: "பொய்யாத்தான் சாவறேன்னு உண்மையச் சொல்லிட்டனுங்க சாமி, மனசுல வெச்சுக்கோங்க."

நான்கு வரி

பிணத்தை முதலில் பார்ப்பது, கல்லுக்கு விளக்கு வைக்க வரும் ஒரு அம்மா. எனக்குச் சோறு கொண்டுவந்த என் மனைவி சரசுவைப் பார்த்ததும், சின்ன வயசு இயக்குநர், இவரே போதும் என்றுவிட்டார். நான்கு வரி வசனம். வீட்டில் ஃபிரிட்ஜைப் பிணமாக வைத்துக்கொண்டு ஒரே நாளில் அறுபத்திரண்டு தடவை சொன்னாள். நான் எண்ணினேன்.

இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "எல்லா விசேஷத்துலயும் நான் சமையக்கட்டுலதானுங்க நின்னேன், ஒரு போட்டோவுலயும் நான் இல்லீங்க, இதுலயாச்சும் இருப்பனுங்களா?"

மூன்று சட்டை

வாத்தியார் சட்டை ஒரே அளவில் மூன்று; ரத்தம் பூசியது ஒன்றில், மற்ற இரண்டும் அவர் உயிரோடு இருக்கிற காட்சிகளுக்கு. பிணம் கிடப்பதையும் ஊரார் கூடி நிற்பதையும் ஒரு நாள் முழுக்க எடுத்தார்கள். வெளிச்சம் போய்விட்டதால் சரசு பிணத்தைப் பார்க்கிற இடம் மட்டும் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது. "சட்டையெல்லாம் காலையில ரெடியா இருக்கட்டும் ஐயா" என்றார் இயக்குநர்.

எங்கள் தொழிலில் ரெடி என்றால் கறை இல்லை என்று அர்த்தம். கறையோடு ஒரு பீஸ் என் கையை விட்டுப் போனதில்லை. விடிந்ததும் கம்பெனிக்குப் போய், கறை எடுக்கும் ஸ்பிரே துப்பாக்கியை வைத்து ஓரத்திலிருந்து உள்ளே, ஒவ்வொரு சொட்டாக அடித்து எடுத்து, இஸ்திரி போட்டு, மூன்றையும் பால் மாதிரி கொண்டுபோய் நீட்டினேன். இயக்குநர் விரித்துப் பார்த்தார். சொன்னார்: "ஐயா, கொலையையே துவைச்சுட்டீங்களே!"

ஒன்பது சொட்டு

பதினோரு மணிக்கு ஊரில் காப்புக் கட்டு. கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை கல் பக்கம் கேமரா போகக் கூடாது. நேற்று எடுத்ததையெல்லாம் மறுபடி எடுக்கவும் முடியாது. விளக்கு வைக்கிற அம்மா வருகிற இடத்தையே கதையிலிருந்து தூக்கிவிடலாம் என்றார் இயக்குநர். சரசு விளக்குத் தட்டோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தட்டில் இருந்த திரியைத் திரித்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கே நானாக வாய் திறந்தது அப்போதுதான். "இருந்த மாதிரியே போட்டுத் தரேனுங்க தம்பி" என்றேன். அவர்கள் போனில் இருந்த படத்தில் ரத்தம் சிவப்பாகத் தெரிந்ததே தவிர, சொட்டு தெரியவில்லை. எனக்குத் தெரியும். பாக்கெட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலம் ஒன்று, அதிலிருந்து இறங்கும் சொட்டு ஒன்பது, அதில் ஆறாவது வால் நீண்டது, இடது கைப்பட்டியில் இரண்டு. மேக்கப்காரரின் சிவப்புப் பாகில் காய்ந்த நிறத்துக்காகக் கொஞ்சம் டீ டிகாஷன் கலந்து, உள்ளேயிருந்து ஓரத்துக்கு வைத்துக்கொண்டே போனேன். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

சரசு நான்கு வரியில் மூன்றுதான் சொன்னாள், நாலாவதற்கு அழுதுவிட்டாள். அதுவே போதும் என்றார் இயக்குநர். மணி பத்து ஐம்பது. பிணம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தது: "அண்ணோவ், நேத்து செத்ததவிட இன்னைக்கு நல்லாச் செத்திருக்கனுங்க!"

டிவியில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டார்கள். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். சரசு எவ்வளவு நேரம் வருகிறாள் என்று பார்க்க வாட்சைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். விளக்குத் தட்டோடு அவள் முகமும், கீழே அந்தச் சட்டையும் டிவி நிறைய வந்தன. வாட்சைப் பார்க்க மறந்துவிட்டேன்.

அந்த இடம் முடிந்ததும் மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சரசு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, என்ற மூஞ்சிய நான் பாக்கவே இல்லீங்க, உங்க சொட்டு ஒம்பதும் இருக்குதான்னு எண்ணிட்டு இருந்துட்டனுங்க."

கொலை செய்தது யார் என்று கம்பெனியில் இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்த இடத்துக்கு அப்புறம் கதையை யார் கவனித்தது; எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே தெரியாது.