முப்பத்தொரு கோடுகள்

குணலட்சுமி அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. வேறு யாரும் எழுதப்போவதுமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அக்கா மயிலிட்டி மீன்பிடிக் குடும்பத்துப் பெண். போரில் இடம்பெயர்ந்து அகதி முகாமில் வளர்ந்தவர். ஊர் திரும்பியபின் கரையோரப் பள்ளிக்கூடமொன்றில் மூன்று வருடம் சம்பளமில்லாமல் ஆங்கிலம் படிப்பித்தார். அங்கே வேறு ஆங்கில ஆசிரியர் இல்லை. போன வருடம் ஓர் அறக்கட்டளை சாவகச்சேரியில் ஆங்கில ஆசிரியருக்கான பத்து நாள் ஆரம்பப் பயிற்சி வைத்தது. சித்தியடைந்தால் அதே பள்ளியில் சம்பளத்தோடு வேலை. இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறொருவர் வருவார். அக்கா முதல் பஸ்ஸில் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறி வருவார். நான் கொடிகாமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போவேன், பெரிய ரியூசன் மாஸ்டர் என்ற மிதப்போடு.

பயிற்சி தந்த றெஜினா மிஸ்ஸுக்கு ஒரே பிடிவாதம், வகுப்பில் தமிழ் கூடாது. கடைசி நாள் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். ஆளுக்கு இருபது நிமிடம் படிப்பிக்க வேண்டும். எங்களோடு பயிற்சிக்கு வந்த ஒருவர் பின்னால் இருந்து, ஒவ்வொரு தமிழ் வசனத்துக்கும் தாளில் ஒரு கோடு போட வேண்டும். பத்துக்கு மேல் போனால் தவறியதாகக் கணக்கு. நாலைந்து கோட்டோடு பேனையை மூடிவிடுவது என்று எல்லோரும் சொல்லாமலே முடிவெடுத்திருந்தோம். என் வகுப்பில் பிள்ளைகள் மயான அமைதி. பயத்தில் நான் ஒரு டசின் தடவையாவது தமிழுக்குத் தாவியிருப்பேன். பின்னால் இருந்த ஜெறோம் நாலு கோடுதான் போட்டார்.

அடுத்தது அக்கா. பின்னால் நான்.

அக்கா கதிரையை இழுத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் போட்டு இருந்தார். முன்வரிசைப் பெண்பிள்ளையைப் பார்த்து, "காலமை என்ன பிள்ளை சாப்பிட்டனி? பயப்பிடாமல் தமிழிலை சொல்லு. ரெண்டு பேருமாச் சேந்து இங்கிலீசிலை மாத்துவம்" என்றார்.

"புட்டு."

"ஐ எய்ட் புட்டு. எங்கை, சொல்லு பாப்பம்."

சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சம்பல் வந்தது, நேற்றைய மீன்கறி வந்தது. கால்மணி நேரத்தில் கடைசி வாங்கு வரிசையில் இருந்தவர்களே எழும்பி, ரீச்சர் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். என் கண்ணால் கண்டேன். கண்டுகொண்டே கோடு போட்டேன். முப்பத்தொன்று. ஒன்றையும் விடவில்லை. நேர்மை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேர்மையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை, வெறும் எரிச்சல். எனக்கு வாய் திறக்காத பிள்ளைகள் அவருக்குத் திறந்துவிட்டார்கள்.

முடிவை வாசித்ததும் அக்கா பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பரவாயில்லைத் தம்பி. நீர் கண்டதைத்தானே போட்டனீர்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அக்காவின் கரையோரப் பள்ளிக்கு அனுப்பப்பட்டது நான்தான். முதல் நாள் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு பெயர், ஊர், சாப்பாடு எல்லாம் ஆங்கிலத்தில் விசாரித்தார்கள். தமிழ் கூடாது என்று நான் சட்டம் போட்டேன். பிழை விட்டவர்களை நிற்கவைத்துத் திருத்தினேன். இரண்டு மாதத்தில் வகுப்பு அடங்கிப்போனது. இப்போது என் வகுப்பில் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கரும்பலகையில் என் கையெழுத்து மட்டும் வடிவாக இருக்கும்.

போன மாதம் சாவகச்சேரிப் புடவைக்கடையொன்றில் அக்காவைக் கண்டேன். அங்கேதான் வேலை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, என்ரை பிள்ளையள் இப்பவும் இங்கிலீசிலை கதைக்கினமோ?"

"ஓம் அக்கா. நல்லாக் கதைக்கினம்."

அவருடைய முகம் மலர்ந்தது. "எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கூப்பிட்ட வாடிக்கையாளரிடம் போனார்.